அப்பாவுக்கு முழு அளவு, அம்மாவுக்குப் பாதி அளவு: சரிதானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது, எடை 71 கிலோ. அம்மாவுக்கு 72 வயது, 54 கிலோ. இரண்டு பேருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற சீரற்ற இதயத்துடிப்பு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க இருவரும் அபிக்ஸபான் சாப்பிடுகிறார்கள். அப்பாவுக்கு 5 மி.கி., காலை ஒன்று இரவு ஒன்று. அம்மாவுக்கு 2.5 மி.கி.தான். "ஒல்லியா இருக்காங்க, வயசான அம்மா, இது போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு பிரஷர், சுகர் இரண்டும் உண்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) 0.9. முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான அசிட்ரோம் கொடுத்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ஒரு மாதம் 1.4, அடுத்த மாதம் 3.8 என்று ஏறி இறங்கியதால் போன வருடம் இதற்கு மாற்றினார்கள். இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டாலும் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பக்கவாதம் அதிகம் வருகிறது என்று படித்தேன். அது உண்மையா? பெண் என்பதற்காகவே ஆபத்துக் கணக்கில் ஒரு மதிப்பெண் சேர்ப்பார்கள் என்றார் முன்பு பார்த்த டாக்டர். இப்போது பார்ப்பவர் அப்படியொரு மதிப்பெண்ணே கிடையாது என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்த மாதம் அம்மாவுக்கு ஒரு பல் பிடுங்க வேண்டும். அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் எடையையும் கிரியாட்டினினையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களும் தெரியாமல் இந்தக் கேள்விக்கு யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். மாத்திரையின் அளவுதான் இந்த வாரமே கவனிக்க வேண்டியது.

அபிக்ஸபானைப் பாதியாகக் குறைப்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம். வயது 80 அல்லது அதற்கு மேல். எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ். கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் 2.5 மி.கி. ஒன்று மட்டும் பொருந்தினால் 5 மி.கி.யேதான். உங்கள் அம்மாவுக்குப் பொருந்துவது எடை ஒன்றுதான். நீங்கள் தந்திருக்கும் விவரப்படி, அப்பா சாப்பிடும் அதே 5 மி.கி., காலையும் இரவும், அவருக்கும் உரிய அளவு. அந்த மூன்றில் பெண் என்பது எங்கேயும் இல்லை. ஒல்லி என்பதும் தனியாக நின்றால் போதாது.

இந்த மருந்தை, அசிட்ரோம் வகையைச் சேர்ந்த பழைய மருந்தான வார்ஃபரினோடு ஒப்பிட்ட அரிஸ்டாட்டில் ஆய்வு 2011ல் வெளியானது. 18,201 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். அபிக்ஸபான் தரப்பில் 2.5 மி.கி. பெற்றவர்கள் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. எடை மட்டும் குறைவு, அல்லது வயது மட்டும் அதிகம் என்று ஒரே ஒரு காரணம் இருந்தவர்களைப் பின்னர் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். 5 மி.கி. அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே பலன் தந்தது, வார்ஃபரினைவிட ரத்தக்கசிவும் குறைவாகவே இருந்தது. நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் 2.5 மி.கி. எவ்வளவு தாராளமாக எழுதப்படுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறவள் என்ற முறையில், இது எனக்கு ஆழ்ந்த கவலை தருகிற விஷயம்.

பாதி கொடுத்தால் பாதிப் பாதுகாப்பாவது மிஞ்சும், ரத்தக்கசிவும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2017ல் வந்த ஓர் ஆய்வில், சிறுநீரகக் காரணம் எதுவும் இல்லாமலே அபிக்ஸபான் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குப் பக்கவாதம் கூடியிருந்தது. பெரிய ரத்தக்கசிவு குறையவில்லை. பயந்து குறைத்ததில் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை.

அதற்காக இன்று இரவே நீங்களாக இரண்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதாத ஏதாவது ஒரு காரணம் உங்கள் மருத்துவர் மனதில் இருக்கலாம். முன்பு வயிற்றில் ரத்தம் கசிந்திருக்கலாம். பூஞ்சைத் தொற்றுக்கு இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் போன்ற மாத்திரை ஓடிக்கொண்டிருக்கலாம். அவை அபிக்ஸபானின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அம்மாவின் சமீபத்திய ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் நேரடியாகவே கேளுங்கள்: "டாக்டர், அம்மாவுக்கு வயசு 72, எடை 54, கிரியாட்டினின் 0.9. மூணுல ஒண்ணுதானே வருது. 2.5 போட வேற காரணம் ஏதாவது இருக்கா?" இப்படிக் கேட்டால் எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெண் என்பது உண்மையாகவே கணக்கில் வருகிற ஓர் இடம் இருக்கிறது. அது சிறுநீரகம். 0.9 என்பதைப் பார்த்ததும் 'நார்மல்' என்று சீட்டை மடித்து வைத்துவிடுவோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. உடலில் தசை குறைவாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சோர்ந்திருந்தாலும் இந்த எண் ஏறாமல் நின்றுவிடும். ஆகவே வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று ஒரு கணக்குப் போடுகிறோம். 140லிருந்து வயதைக் கழித்து, வருவதை எடையால் பெருக்கி, 72ஐக் கிரியாட்டினினால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். பெண்ணென்றால் கடைசியில் 0.85ஆல் பெருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 48 வருகிறது. அதே 0.9 உங்கள் அப்பாவுக்கு வந்திருந்தால் 70 வந்திருக்கும். ஒரே சீட்டு, ஒரே 'நார்மல்', உள்ளே இவ்வளவு வித்தியாசம்.

இந்த 48 அபிக்ஸபானின் அளவை மாற்றாது. அம்மா இதே வகையைச் சேர்ந்த ரிவராக்ஸபான் என்ற மருந்தைச் சாப்பிடுபவராக இருந்தால் மாற்றியிருக்கும். அங்கே 50க்கு மேல் 20 மி.கி., கீழே 15 மி.கி. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் வேறு. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தினால் தவறு நேரும். அம்மாவுக்குச் சிறுநீரகப் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு, கடுங்காய்ச்சல் என்று படுத்தால் அப்போதே ஒரு முறை. ரிவராக்ஸபான் சாப்பிடுகிற மற்ற வாசகிகளுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மாத்திரை வயிறு நிறையச் சாப்பிட்டால்தான் உடம்பில் முழுதாகச் சேரும். விரத நாளில் வெறும் பாலோடு அதை விழுங்கினால் மருந்தின் ஒரு பங்கு வீணாகிறது.

நீங்கள் படித்தது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதி உண்மை, அதுவும் பழைய மருந்துகளின் காலத்து உண்மை.

இந்தச் சீரற்ற துடிப்பு இருக்கும்போது இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பை போன்ற பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். துடிப்பு சீராக இருப்பவரைவிட இவர்களுக்கு ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்று 1991லேயே அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு காட்டியது. 2016ல் முப்பது ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த நோய் பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிற வேகம் ஆண்களைவிடப் பெண்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்தது.

மருந்து கொடுத்த பிறகு என்ன ஆகிறது? 2009க்கும் 2013க்கும் இடையில் டபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான் என்ற நான்கு புது மருந்துகளையும் வார்ஃபரினோடு ஒப்பிட்டு நான்கு பெரிய ஆய்வுகள் வந்தன. மொத்தம் 71,683 பேர். அவர்களில் பெண்கள் நூற்றுக்கு 35 முதல் 40 வரைதான்; இது குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். வார்ஃபரின் சாப்பிட்ட பெண்களுக்கு, அதே வார்ஃபரின் சாப்பிட்ட ஆண்களைவிடப் பக்கவாதம் கூடுதலாக வந்தது. நீங்கள் படித்தது இதைத்தான். புது மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. புது மருந்துகளில் பெரிய ரத்தக்கசிவும் பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஒட்டுமொத்த இறப்பும் அதேபோலக் குறைவு. ஃபின்லாந்தில் நாடு முழுவதற்குமான பதிவுகளைப் பார்த்தவர்கள், 2007ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்த பக்கவாத வித்தியாசம் 2018 வாக்கில் கரைந்துவிட்டதைக் கண்டார்கள். பத்துப் பதினோரு ஆண்டுகளில் பெண்களின் உடல் மாறிவிடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம் மாறியிருக்கிறது.

வார்ஃபரினும் அசிட்ரோமும் ஏன் பெண்களிடம் தடுமாறின? ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும் வரைதான் அந்த மருந்துகள் காக்கும். 2க்குக் கீழே போனால் கட்டி வரும், மேலே மிக ஏறினால் ரத்தம் கசியும். அந்த எல்லைக்குள் நிற்கும் நாட்கள் பெண்களுக்குச் சராசரியாகக் குறைவு என்பது பல நாடுகளில் பார்த்தது. நம் வீடுகளில் அதற்கான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று ஒரு பொழுது. மற்ற நாட்களில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியது. ஒரு நாள் கீரை நிறைய, நான்கு நாள் இல்லவே இல்லை. முருங்கைக்கீரையும் முட்டைக்கோஸும் வைட்டமின் கே நிறைந்தவை. அவற்றின் அளவு ஆடினால் ஐ.என்.ஆர்.உம் ஆடும். உங்கள் அம்மாவின் 1.4உம் 3.8உம் அவருடைய கவனக்குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இப்போது சாப்பிடும் மருந்துக்குக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது. தாராளமாகச் சாப்பிடட்டும்.

மீதி வித்தியாசம் மருத்துவர்களாகிய எங்களிடமும் குடும்பங்களிடமும் இருக்கிறது. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று அப்பா சொன்னால் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுத்துவிடுகிறோம். "மாடி ஏற முடியலை, ஒரே அசதியா இருக்கு" என்று அம்மா சொன்னால் சத்து டானிக் வாங்கிக் கொடுக்கிறோம். அந்த அசதியே இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். பெண்களிடம் இது தாமதமாக, வயது கூடிய பிறகு, இதயம் களைத்த நிலையில் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்டுபிடித்த பிறகும் சமமாக நடத்துவதில்லை. ஒரே அளவு ஆபத்து இருந்தும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த மாத்திரை குறைவாகவே எழுதப்படுகிறது என்று அமெரிக்காவின் பின்னகிள் பதிவேட்டிலிருந்து 2017ல் வந்த ஆய்வு காட்டியது.

"பாட்டி அடிக்கடி விழறாங்க, பிளட் தின்னர் வேண்டாம்" என்ற பேச்சையும் அடிக்கடி கேட்கிறேன். கனடாவில் 1999ல் இதற்கென்றே ஒரு கணக்குப் போட்டார்கள். விழுவதால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து, மாத்திரையின் நன்மையை மிஞ்ச வேண்டுமென்றால், ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டுமாம். அதுவும் வார்ஃபரினுக்குப் போட்ட கணக்கு. புது மருந்துகளில் மூளை ரத்தக்கசிவு அதைவிடக் குறைவு. விழுகிறார் என்றால் குளியலறைத் தரையையும் மூக்குக்கண்ணாடியையும் தூக்க மாத்திரையையும் பார்க்க வேண்டும். பதிலுக்கு எக்கோஸ்பிரின் (ஆஸ்பிரின்) கொடுத்து ஆறுதல் அடைவதும் வேண்டாம். வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரிடம் அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்டு 2011ல் வந்த ஆய்வில், அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கும் மேல் குறைத்தது. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மதிப்பெண் விஷயத்தில் உங்கள் இரண்டு மருத்துவர்களும் சொன்னது சரிதான். 2010 முதல் ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் இருந்த முறையில் இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் 1, வயது 65 முதல் 74 வரை 1, 75 அல்லது அதற்கு மேல் என்றால் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2, பெண்ணென்றால் 1. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024ல் அந்தக் கடைசி மதிப்பெண்ணை எடுத்துவிட்டது. வேறு ஆபத்து எதுவும் இல்லாத பெண்ணுக்கு, பெண் என்பது மட்டும் தனியாக ஆபத்தாகவில்லை. வயதும் பிற நோய்களும் சேரும்போதுதான் அது கூடுகிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 2023ல் அதை அப்படியே வைத்திருக்கிறது. ஆனால் அங்கே ஆணுக்கு 2, பெண்ணுக்கு 3 இருந்தால் மாத்திரை என்கிறார்கள். அந்த ஒன்றைக் கழித்துவிட்டால் இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வருகின்றன. உங்கள் அம்மாவுக்கு வயது 1, பிரஷர் 1, சுகர் 1. புது முறையில் 3, பழைய முறையில் 4. எப்படிக் கூட்டினாலும் மாத்திரை கட்டாயம் தேவை.

எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இது முக்கியம். சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போவது நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, அதுவும் பெண்களிடம் அதிகம். அப்படிச் சுருங்கிய வால்வோடு இந்தத் துடிப்பும் சேர்ந்தால் புது மருந்து கூடாது. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின்தான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தி 2022ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில் 24 நாடுகளைச் சேர்ந்த ருமாட்டிக் இதய நோயாளிகள் 4,500க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சராசரி வயது ஐம்பது. நான்கில் மூன்று பேருக்குச் சற்றே குறைவாகப் பெண்கள். ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களைவிட வார்ஃபரின் வகை சாப்பிட்டவர்கள் பக்கவாதத்திலிருந்தும் இறப்பிலிருந்தும் நன்றாகக் காக்கப்பட்டார்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதே விதிதான். எனவே இதைப் படித்துவிட்டு அசிட்ரோம் சாப்பிடும் வேறொரு வீட்டு அம்மா, தானாகவே மருந்தை மாற்றிக்கொண்டுவிடக் கூடாது. குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களும், மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்களும் இந்த மாத்திரைகளைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும். கர்ப்பத்தில் புது மருந்துகள் கூடாது, வார்ஃபரின் வகையும் முதல் மூன்று மாதத்தில் குழந்தையைப் பாதிக்கக் கூடியது.

அம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக: முட்டி வலிக்கு மருந்துக்கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் வகைகள் அபிக்ஸபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும், சிறுநீரகத்தையும் தாக்கும். இந்த வயதுப் பெண்களின் முந்தானை முடிச்சிலும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலும் இவை இருக்கும். கேட்டால்தான் வெளியே வரும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வந்தால் அதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினாலும், கை தொங்கினாலும், பேச்சு குழறினாலும் உடனே 108. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று அம்மா சொன்னால் கேட்காதீர்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை அங்கே சொல்ல வேண்டியிருக்கும்; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்குவதற்கு வருகிறேன். ஒன்று முதல் மூன்று பல் வரை எடுப்பது ரத்தக்கசிவு ஆபத்து மிகக் குறைந்த சிகிச்சை. பொதுவாக நாள்கணக்கில் மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. காலை நேரத்தில், முந்தைய இரவு மாத்திரைக்குப் பிறகு பன்னிரண்டு மணி நேரமாவது கழிந்ததும் பல்லை எடுத்து, ரத்தம் நின்று சில மணி நேரத்தில் காலை மாத்திரையைக் கொடுப்பது வழக்கம். பல் எடுத்த இடத்தில் பஞ்சைக் கடித்து அழுத்திக்கொள்வது, தேவைப்பட்டால் ஒரு தையல், டிரனெக்ஸாமிக் அமிலம் கலந்த நீரால் வாய் நனைப்பது என்று ரத்தத்தை அங்கேயே நிறுத்த வழிகள் உண்டு. 5 மி.கி.க்கு மாற்றியிருந்தாலும் முறை இதுதான். "ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க" என்று பல் மருத்துவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அபிக்ஸபானின் வேலை ஓரிரு நாளிலேயே தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் அம்மா எந்தக் காவலும் இல்லாமல் இருப்பார். பல் மருத்துவரையே உங்கள் இதய மருத்துவரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். எந்த வேளை மாத்திரையை எத்தனை மணிக்குத் தள்ளுவது என்பதை இருவரும் பேசி முடிவு செய்து, சீட்டில் எழுதித் தரட்டும்.